அம்மா சொன்னதில் பாதி

அந்தத் தேர்தலில் தில்லி மோதி பாகில் அதிகம் பேசப்பட்ட பெண் என் அம்மா. அவள் போட்டியிடவில்லை. யாருக்கும் வாக்குக் கேட்கவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி பிழிந்துகொண்டே நாலு வார்த்தை பேசினாள். அதில் பாதியை மாமா கொண்டுபோய்விட்டார்.

மாமா அம்மாவின் தம்பி, கரோல் பாகில் ஓர் அச்சகத்தில் வேலை. தில்லியில் தமிழில் நோட்டீஸ் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. கல்யாணம், காதுகுத்து, கோயில் உற்சவம் எல்லாம் அவர் கை பட்டுத்தான் வெளியே வரும். அந்தக் குளிர்காலத்தில் ஒரு வேட்பாளரும் வந்து சேர்ந்தார். தமிழ் வாக்குகளுக்குத் தமிழில் நோட்டீஸ், அதில் ஒரு குடும்பப் பெண்ணின் பாராட்டு. மாமாவுக்குத் தெரிந்த குடும்பப் பெண் ஒருத்திதான்.

“அக்கா, அந்த ஆளப் பத்தி நீ என்ன நெனைக்க?”

“வந்தாரு. அடிபம்பு போட்டாரு. மாலைய வாங்கிக்கிட்டாரு. தண்ணி இன்னும் வரல.”

நோட்டீஸில் முதல் இரண்டு மட்டும் கொட்டை எழுத்தில் வந்தன. கீழே அம்மாவின் முழுப்பெயர். மத்திய அரசு ஊழியர் என்ற பெருமை வேறு. எனக்கு ஒன்பது வயது. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அப்படி நான் தடுமாறாமல் படித்த முதல் அச்சு அம்மாவின் பெயர்தான். ஒரு கட்டு வாங்கிப்போய் வகுப்பு முழுக்கக் கொடுத்தேன்.

எதிர்த்தரப்பில் யாரோ அதை இந்தியில் பெயர்த்து அம்மாவின் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினார்கள். அரசு ஊழியர் தேர்தல் பிரச்சாரம் செய்யக்கூடாது. மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும் என்று மெமோ வந்தது. அப்பா ராணுவத்தில், எல்லையில் இருந்தார். நாங்கள் இருந்த குவார்ட்டர் அம்மாவின் வேலைக்குக் கிடைத்தது. வேலை போனால் வீடும் போகும். அம்மா அதைச் சொல்லவில்லை. பரணில் இருந்த பெட்டிகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

மாமா குரங்குக் குல்லாயைக் கழற்றிக் கையில் பிசைந்தபடி வந்து நின்றார்.

“நீ சொல்லாத எதையும் நான் போடலியேக்கா. வேணும்னா நீ சொன்ன முழுசையும் எழுதிக் குடுத்துருவோமா?”

“அச்சா, எழுதுலே. ஓட்டுக் கேட்டேன்னு ஒரு மெமோ வந்தாச்சு. அவரத் திட்டுனேன்னு இன்னொண்ணு வரட்டும்.”

பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மெமோவை இன்னொருமுறை படித்தாள். எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. “இந்த நிமிஷத்துலேருந்து நான் உங்கூடப் பேசமாட்டேன். நீயும் பேசாத.”

மாமா வருவதை நிறுத்தவில்லை. தினமும் சாயங்காலம் வந்து, பழி சுமந்த முகத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போவார். நடுவில் நான்தான் தூதுவர்.

“ஏட்டி, ஒங்க மாமாவ இன்னொரு சப்பாத்தி போட்டுக்கச் சொல்லு.”

“தப்பு எம்மேலதான்னு ஒங்கம்மாட்ட சொல்லு. ஆனா அந்த ஆளுங்க ஜல்தி ஜல்தின்னு உயிர எடுத்தானுவ, அதையும் சொல்லு.”

நான் முதல் வாக்கியத்தை மட்டும் அடுக்களைக்குக் கொண்டுபோனேன். சமாதானத்துக்காகத்தானே. அம்மா சப்பாத்தியைத் திருப்பினாள். எனக்கு அழுகை வந்தது. சொந்தத் தம்பியிடம் இத்தனை கோபமா என்று குளியலறையில் போய் அழுதேன்.

மூன்றாம் நாள் விளக்கத்தைக் கொடுத்துவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், வாசலில் நின்ற மாமாவிடம் நேராகக் கேட்டாள்.

“காப்பி குடிக்கியா?”

மெமோ அதோடு ஓய்ந்தது, விளக்கம் ஏற்கப்பட்டது. வீட்டுச் சமாதானம் என் தூதினால் வந்தது என்று நான் பல வருடம் நிமிர்ந்து நடந்தேன்.

அம்மா ஓய்வு பெற்றபோது பென்ஷன் காகிதங்களை நான்தான் அடுக்கினேன். அவற்றுக்கிடையே அந்த விளக்கத்தின் கார்பன் நகல் இருந்தது. ‘நோட்டீஸை எழுதியவர் என் தம்பி. அதற்கு என் சம்மதத்தை அவர் கேட்கவில்லை. எனக்கும் அவருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.’ கீழே தேதி, கையெழுத்து. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அந்தக் கடைசி வரி அதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேரும்வரை உண்மையாக இருக்கவேண்டும் என்றுதான் அம்மா மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கோபம் என்று நினைத்து நான் அழுதிருக்கிறேன்.