பையை எடுத்து மடியில் வைத்தவர்

நாவுலயில் மாத்தளை பஸ் ஏறினால் எனக்கு உட்கார இடம் வேண்டும். நின்றுகொண்டு போக என் தொப்பை சம்மதிப்பதில்லை. அன்று ஒரே ஒரு சீட்டுதான் மிஞ்சியிருந்தது. அதிலும் ஒரு பை. பக்கத்தில் முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியுமாக ஒருவர். இரு கன்னங்களிலும் சிவந்த தடிப்பு.

“யாரும் வராங்களாண்ணே?”

“யாரும் வரமாட்டாங்க. மூஞ்சியப் பார்த்துட்டு நின்னுக்கிட்டே போவாங்க. வெறும் சீட்டப் பார்க்கிறத விட, பை இருந்தா யாரோ வரப்போறாங்கன்னு நானும் நினைச்சுக்கலாம்.”

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சீகிரியாவில் வழிகாட்டியாக இருந்தவராம். இப்போது வெயிலே ஆகாது, கிளினிக்குக்குப் போகிறார்.

“இது தொத்தாது தம்பி. உடம்புல உள்ள ஒவ்வொரு கலத்துக்கும் நடுவுல கரு இருக்குல்ல? அதுக்குள்ள இருக்கிற புரதங்கள என் உடம்பே எதிரின்னு நினைச்சு அடிக்குது. ரத்தம் சோதிச்சுச் சொன்னாங்க.”

“நம்ம வீட்லயும் அப்படித்தாண்ணே. வெளியாள் யாரும் என்னை அடிக்கிறதில்ல.”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். மாத்தளையில் இறங்கியதும் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“இப்படிப் பேசி ரொம்ப நாளாச்சு.”

எல்லாம் விளங்கிய பெரிய மனிதனைப்போலத் தலையாட்டிவிட்டு, நேரே குழாயடிக்குப் போய் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினேன். திரும்பினால், தண்ணீர் போத்தலோடு அவர் பின்னால் நிற்கிறார்.

“நல்லா கழுவுங்க தம்பி, பஸ் கம்பியெல்லாம் ஒரே அழுக்கு.”

வழிநெடுக உட்கார்ந்து வந்த நான் எந்தக் கம்பியையும் தொடவில்லை. அது அவருக்கும் தெரியும்.