சீலாக் கூட்டமும் பளபளத்த ஸ்பேனரும்

காதர் பாய் கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டினார். கடலில் முப்பது அடி ஆழத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உடனே மேலே போகலாம்.

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலி சுரங்கத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளங்களில் மூழ்கி பம்ப் குழாய்களைச் சரிசெய்யும் காண்ட்ராக்ட் டைவர்கள் நாங்கள் இருவரும். பாய் என்னைவிட மூத்தவர். பர்மனென்ட் ஆக்குவதற்கு முன் எங்களுக்குக் கடலில் டெஸ்ட் வைத்தார்கள். மண்டபத்துப் பக்கம் பவளப்பாறையருகே இறக்கியிருந்த இரும்புச் சட்டத்தில் நான்கு போல்ட்டுகளை மாற்ற வேண்டும். பாதியில் மேலே வந்தால் ஃபெயில். பாய்க்கு மூன்று பெண் பிள்ளைகள், வடலூரில் ஒற்றை அறை வீடு. பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும்.

இரண்டு போல்ட் முடிந்திருந்தது. திடீரென்று வெளிச்சம் குறைந்தது. நிமிர்ந்தால், எங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கில் மீன்கள், ஒவ்வொன்றும் என் கை நீளம். பாய் சுறா என்றே நினைத்துவிட்டார்; கட்டைவிரலைக் காட்டியது அப்போதுதான். நான் உற்றுப் பார்த்தேன். சுறாவுக்கு வாய் அடியில் இருக்கும். இதற்கோ கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. முதுகில் இரண்டு துடுப்புகள், எட்ட எட்ட. விலாவில் கறுப்புப் பட்டைகள். ஞாயிற்றுக்கிழமை மீன் விற்கும் கடலூர்க்கார அம்மா கூடையில் கொண்டுவரும் அதே சீலா!

சீலா ஆளைத் தின்னாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பயமில்லை என்று விரல்களை வளையமாக்கிக் காட்டினேன். பாய் மறுபடி கட்டைவிரலைக் காட்டினார். நானும் மறுபடி வளையம் காட்டினேன். அவர் வேலைக்குக் குனிந்தார்.

சுரங்கத்துத் தண்ணீர் கலங்கல். நழுவினாலும் கண்ணில் படட்டும் என்று ஸ்பேனரை எமரி பேப்பரில் தேய்த்துப் பளபளப்பாக்குவது எங்கள் வழக்கம். கடலுக்கும் அப்படியே கொண்டுபோயிருந்தோம். பாய் அதைத் திருப்பியதும் வெயில் பட்டு மின்னியது. கூட்டத்திலிருந்து ஒரு மீன் பிரிந்து வந்ததை நான் பார்க்கவே இல்லை. பாயின் வலது கையைச் சுற்றிக் கரும்பச்சையாக ஏதோ பரவியது. அந்த ஆழத்தில் ரத்தம் சிவப்பாகத் தெரியாது.

படகில், டெஸ்ட் வைத்த ட்ரெயினர் பாயின் கையில் துணியைச் சுற்றிக்கொண்டே கத்தினார்: "மின்னுறதெல்லாம் அதுக்கு நெத்திலிதான்யா! ஸ்பேனர இப்படித் தேய்க்கச் சொன்னது யாரு?"

ஆஸ்பத்திரியில் பாய் என்னிடம் கேட்டார். "இன்னா மீனு அது?"

"சீலா, பாய்."

"கரெக்டா கண்டுபுட்ச்சிட்ட. நான் மேல போலாம்னு சொல்லிக்கினே இருந்தேனே, அது வௌங்கலயா உனுக்கு?"

மறுவாரம் வேறொருவருடன் இறங்கி டெஸ்ட்டை முடித்தேன். எனக்கு ஆர்டர் வந்தது. பாயின் வலது கையில் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை, அவருக்கு ஆர்டரும் வரவில்லை.

ரிட்டையர் ஆகும்வரை தண்ணீரில்தான் வேலை பார்த்தேன். கூட இறங்கியவர் கட்டைவிரலைக் காட்டினால் முதலில் மேலே வந்துவிடுவேன். ஏன் என்று அதற்கப்புறம்தான் கேட்பேன்.