நானூற்றுப் பதினேழாம் நம்பர் மச்சான்

கதிர் சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் பெயர். என் அக்கா வீட்டுக்காரருக்குக் கன்னத்தில் புற்று வந்து, ஒன்றரை மாதம் கரண்ட் வைத்துக் குணமானது எழுபதுகளின் கடைசியில். நாலு வருஷம் கழித்து அதே பக்கம், கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி எழும்பியது.

டாக்டர் தடவிப் பார்த்தார். ரத்தக்குழாயை ஒட்டி இருக்கிறது, கத்தி வைக்க முடியாது என்றார்.

“திரும்பக் கரண்ட்தான் ஒரே வழி. ஆனா முன்னால எங்க வச்சது, எவ்வளவு வச்சதுன்னு தெரியணும். தெரியாம வச்சா தோலும் எலும்பும் தாங்காது. பழைய சீட்டு எங்க?”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தாள்.

“எரிச்சுட்டேன் தம்பி.”

பொங்கலுக்கு விளாங்குடி வீட்டை வெள்ளையடித்தபோது வெந்நீர் அடுப்பில் போட்டிருக்கிறாள். நோவுச் சீட்டு வீட்டில் கிடந்தால் நோவு வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்துவிடும் என்பது எங்கள் தெருவே நம்பிய சங்கதி.

“இப்ப மட்டும் யாருகிட்ட வழி கேட்டு வந்துச்சாம்?” என்றார் மச்சான். அந்த நிலையிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முன்பு கரண்ட் வைத்ததும் அதே ஆஸ்பத்திரிதான். அங்கே பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் நம்பர் கேட்டார். நான் மச்சான் பெயரைச் சொன்னேன். குலசாமி பெயர். அவர் அப்பா பெயரும் அதே குலசாமிதான்.

“அண்ணே, திண்டுக்கல் ரோட்டுல நின்னு இந்தப் பேரைக் கூப்பிட்டா ஓடுற பஸ்சே நின்னுரும். ஏட்டுல பக்கத்துக்கு நாலு பேர் இருக்காங்க. நம்பர் வேணும்ணே.”

மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“மாப்ள! பேர்க் குழப்பம் தாங்காமத்தான் அப்ப வராண்டாவுல எல்லாரும் நம்பர் சொல்லியே கூப்பிட்டுக்குவோம். என் நம்பர் எனக்கு ஞாபகமில்ல, என்னைய நானே எங்க கூப்பிட்டேன்? திருமங்கலத்துச் சைக்கிள் கடைக்காரர் ஒருத்தர் தினமும் கூப்பிடுவாரு. தொண்டைப் புத்துக்கு வந்தவரு.”

அவர் இப்போது இருக்கிறாரா என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அக்காவை அங்கேயே உட்கார வைத்துவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்சில் ஓடி ஏறினோம். திருமங்கலம் வரைக்கும் எனக்கு உட்காரவே முடியவில்லை. காலியான சீட் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடை இருந்தது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். டியூபைப் போட்டுவிட்டு, கரகரத்த குரலில் கத்தினார்:

“ஏய், நானூத்திப் பதினேழு!”

நான் குதித்தேவிட்டேன். “அண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க!” உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். மச்சான் கழுத்துக் கட்டியைக் காட்டி, வந்த காரியத்தை ரெண்டு வார்த்தையில் சொன்னார்.

“கலர் குடிச்சிட்டுப் போங்கப்பா.”

“இன்னொரு நாள் வாரோம்ணே, ஆஸ்பத்திரி மூடிருவாங்க.”

“சரி, நாளைக்கு எனக்கும் வந்தா யாரைக் கேக்க? என் நம்பரு என்ன, சொல்லு பாப்போம்?”

“முந்நூத்தித் தொண்ணூறு!” மச்சான் ஓடிக்கொண்டே கத்தினார்.

எழுத்தர் பரணில் ஏறி அந்த நம்பர் ஃபைலைத் தூசியோடு இறக்கினார். முதல் பக்கத்தில் ஒரு முகத்தின் படம். கன்னத்தில் மையால் போட்ட கட்டம். அருகே வரிசையாக, வைத்த கரண்டின் கணக்கு. டாக்டர் அதைப் பார்த்துப் பார்த்து மச்சானின் கழுத்தில் ஸ்கேல் வைத்து அளந்தார்.

“கட்டி பழைய கட்டத்துக்கு வெளியே இருக்கு. ஓரத்துல ஒரு விரல் அகலம்தான் பழைய இடத்து மேல விழும். சின்னக் கட்டமாப் போட்டு வைக்கலாம். முன்ன மாதிரி லேசா இருக்காது, புண் ஆறவும் நாளாகும். முழுசாக் கரையும்னு இப்ப சொல்ல மாட்டேன். சம்மதமா?”

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“எப்ப வரணும் டாக்டர்?” என்றார் மச்சான்.

“திங்கக்கிழமை. எட்டு மணிக்கு.”

“ஏழுக்கே வாரேன்.”