பிரேக்கில் தடவிய நல்லெண்ணெய்

நல்லெண்ணெய் கருகும் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. தோசைக்கல்லில் கருகினாலும் சரி, கோயில் விளக்கில் கருகினாலும் சரி, அந்த வாசனையோடு டெக்சாஸில் ஃபிரிஸ்கோ வீட்டின் வாசலும், நசுங்கிய நான்கு எலுமிச்சம்பழங்களும், ஒரு பழைய பிக்கப் டிரக்கும், அதிலிருந்து இறங்கிய அம்மாவின் முகமும் சேர்ந்தே வந்துவிடும். அப்போது எனக்குப் பதினோரு வயது.

அம்மா நாமக்கல்காரி. அவளுடைய அப்பா லாரிப் பட்டறை வைத்திருந்தவர்; பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த கையோடு, கல்யாணம் ஆகும்வரை அம்மாவும் அந்தப் பட்டறையில்தான் வேலை பார்த்தாள். அமெரிக்காவுக்கு அப்பாவின் விசாவோடு வந்தவள் என்பதால் இங்கே வேலைக்குப் போக அவளுக்கு அனுமதி இல்லை. ஏழு வருடம் மாவரைத்தாள், என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். அந்த ஏழு வருடத்தில் வீட்டுக்கு வந்த அங்கிள்களும் ஆன்ட்டிகளும் அவளிடம் சாம்பார்ப் பொடிக்கு அளவு கேட்டார்களே தவிர, என்ன படித்தாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அந்த டிரக்கை அப்பா, ஊர் மாறிப் போன ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கினார். என்னைவிட வயதில் மூத்த வண்டி. ஓட்டினால் பின்பக்கத்திலிருந்து உறுமும். மழையில் பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பின் ஆக்சில் போய்விட்டது, வண்டியைத் தூக்கிப் போடுங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அம்மா மட்டும், "ஏனுங்க, ஆக்சில் போனா ஆக்சில மாத்தோணும், வண்டியவா தூக்கிப் போடுவாங்க? நானே மாத்தறேனுங்க" என்றாள். அப்பா சிரித்தார். மென்பொருள் தவிர வேறெதையும் பிரித்துப் பார்க்காத மனிதர் அவர்.

இர்விங்கில் கார் ரிப்பேர் கடை வைத்திருந்த காதர் அங்கிள்தான், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தை அவளுக்குக் காட்டினார். அதே ரகத்தில் கொஞ்சம் புதிய வண்டி ஒன்றின் பின் ஆக்சில் அங்கே கிடைத்தது. பழையதில் சக்கரத்துக்குள் டிரம் பிரேக்; இதில் டிஸ்க் பிரேக். வந்ததுதான் வந்தோம் என்று முன்சக்கரங்களுக்கும் பெரிய டிஸ்க்காக வாங்கிவந்தாள். நான் பள்ளிக்கூடம் போனதும் சுடிதார்மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவாள். மூன்று வாரத்தில் பழைய ஆக்சிலைக் கழற்றி, புதியதை ஜாக்கியில் ஏற்றி, வண்டியின் எடையைத் தாங்கும் வில்தகடுகளான "பட்டை"யோடு சேர்த்து முறுக்கி, பிரேக் குழாய்களைப் புதிதாக இழுத்து முடித்தாள். கடைசியாகக் குழாயில் "காத்து எடுக்க" மட்டும் அப்பாவை இருக்கையில் உட்காரவைத்தாள். கீழேயிருந்து அவள் மிதிக்கச் சொன்னபோது மிதித்து, விடச் சொன்னபோது விட்டதுதான் அந்த வண்டிக்கு அப்பா செய்த ஒரே உருப்படியான உதவி.

காதர் அங்கிள் ஒருநாள் வந்து, டார்ச்சோடு அடியில் படுத்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வொர்க் பெர்மிட் வந்ததும் நம்ம கடைக்கு வந்துடுங்கம்மா. வண்டிய ஓட்டி, நிறுத்திக் காட்டிட்டா போதும், பிரேக் வேலை பூரா உங்களுக்குத்தான்" என்றார். அந்த அனுமதிக் கார்டு வர ஒரு மாதம்தான் இருந்தது. அன்று இரவு அம்மா தனக்குத்தானே பேசிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அவளை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை.

இரண்டு நாள் கழித்து ஆயுத பூஜை. அன்றைக்குத்தான் வண்டி வெளியே வரவேண்டும் என்று அப்பா ஐந்து குடும்பங்களைக் கூப்பிட்டுவிட்டார். காதர் அங்கிளும் வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா சக்கரங்களை மாட்டாமல் வைத்துவிட்டு, வந்தவர்களுக்குச் சுண்டலும் பொங்கலும் செய்துகொண்டிருந்தாள். ராத்திரி ஈரத்தில் புது டிஸ்க்குகளில் லேசாகச் செம்பழுப்பு ஏறியிருந்தது. பிரேக்கை இரண்டு தடவை மிதித்தால் தானே போய்விடும் துரு அது. அப்பாவுக்கு அது தெரியாது. அவர் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் பொட்டு வைப்பார்கள். "இரும்புக்கு எண்ணெ காட்டணும்டா, எடுத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார். நல்லெண்ணெய்க் கிண்ணத்தை அடுப்படியிலிருந்து எடுத்துப்போய்க் கொடுத்தது நான்தான். நான்கு டிஸ்க்கிலும் பக்தியோடு தடவினார், என்னைச் சேர்த்துக்கொண்டு சக்கரங்களையும் அவரே மாட்டினார்.

அம்மா ஈரக்கையோடு வந்து நட்டுகளின் இறுக்கத்தை மட்டும் பார்த்தாள். வாசலிலேயே ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறேன் என்றாள். ராகு காலம் வருது, நல்ல நேரத்தில் கிளம்பு என்றார் அப்பா. காதர் அங்கிளும் வந்து சேர்ந்ததும் கற்பூரம் சுற்றி, எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி தெருவில் இறங்கியது. தெருமுனை வரை போய் வந்து வாசலில் நிற்கவேண்டிய வண்டி நிற்கவில்லை. அம்மா திருப்பி, எதிர்வீட்டுக்காரரின் செங்கல் தபால்பெட்டிமேல் மோதி நிறுத்தினாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சக்கரத்திலிருந்து புகையும் நல்லெண்ணெய் வாசனையும் மட்டும் வந்தன.

காதர் அங்கிள் குனிந்து சக்கர இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். "டிஸ்க்குல எண்ணெ இருக்கும்மா, பிரேக் கட்டை வழுக்கிடுச்சு. தொடைக்காமயா மாட்டுனீங்க?" என்று கேட்டார். அம்மாவும் அங்கே விரலை விட்டெடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், அவர் எலுமிச்சம்பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"மறந்துட்டேனுங்க" என்றாள் அம்மா.

அந்த ஒரு சொல்லோடு அப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன், கேக்கல. பிரேக்கு என்ன பொம்பளைங்க வெளையாடற சாமானா?" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் அப்பா அதை ஐந்து குடும்பங்களுக்கு முன்னால், சுண்டல் தின்றுகொண்டே செய்தார். மறுநாள் அம்மா டிஸ்க்குகளைக் கழுவி, பிரேக் கட்டைகளை மாற்றினாள். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. அதைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. காதர் அங்கிளுக்கு ஒரு போன் செய்து உண்மையைச் சொல்லியிருக்கலாம் அப்பா. செய்யவில்லை. அடுத்த மாதம் கார்டு வந்தது; கடையிலிருந்து அழைப்பு வரவில்லை. அம்மா ஒரு டேகேரில் குழந்தைகளுக்கு டயப்பர் மாற்றப் போனாள். பத்தொன்பது வருடம் போனாள்.

இப்போது அந்த டிரக் இல்லை. செங்கல் தபால்பெட்டி இருந்த இடத்தில் இரும்புப் பெட்டி நிற்கிறது. அம்மா வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த கராஜில் அப்பாவின் டிரெட்மில் இருக்கிறது. அவளுடைய ஸ்பானர் பெட்டி எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவின் கதை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த வருட ஆயுத பூஜைக்கு நான் இப்போது இருக்கும் ஃப்ரீமான்ட்டிலிருந்து போயிருந்தேன். "என் பொண்டாட்டி பிரேக் மாத்தின கதை தெரியுமா?" என்று வந்தவர்களிடம் அவர் ஆரம்பித்ததும், என்னால் அடக்க முடியவில்லை. எண்ணெய் தடவியது நீங்கள், கொண்டுவந்து கொடுத்தது நான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அது சும்மா ஒரு தமாஷ் என்றார் அப்பா. ஒருவரும் சிரிக்கவில்லை.

அதே கோபத்தோடு அடுப்படிக்குப் போய், அன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று அம்மாவிடம் சண்டைக்கு நின்றேன். அவள் கடலையைத் தாளித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "நான் சொன்னா, தப்பு பண்ணிட்டு புருசன் மேல பழி போடறாம்பாங்க. கொழந்த சொன்னா நம்புவாங்க. நீ சொல்லுவேன்னு பாத்தேன் கண்ணு."