சமர்கண்டில் நான் சுட்ட ரொட்டி

மழைக்காலம் வந்தால் மரக்காணத்தில் எங்களுக்கு வேலை இல்லை. பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றுவிடும், உப்பு வார முடியாது. அப்படி ஒரு நவம்பரில்தான் சமர்கண்டில் டாக்டருக்குப் படிக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பினேன். மனைவிக்கு விமானம் என்றாலே பயம். "நீங்க போய்ட்டு வாங்க. நான் போன்லயே பாத்துக்கறேன்" என்றுவிட்டாள்.

மகள் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். முற்றத்தில் தாழி போன்ற மண் அடுப்பு வைத்து ரொட்டி சுட்டு, அக்கம்பக்கத்தில் விற்பவர். போன அன்றே உட்காரவைத்து டீ கொடுத்தார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பிடியில்லாத ஒரு கிண்ணத்தில் அடியில் மட்டும் கொஞ்சம் ஊற்றி நீட்டினார். என் முகம் சுருங்கிவிட்டது.

"என்னம்மா, இவ்ளோதான் ஊத்துவாரா?" என்று மகளிடம் கேட்டேன்.

"நிறைய ஊத்தினா, குடிச்சிட்டு கிளம்புன்னு அர்த்தம்ப்பா. கொஞ்சமா ஊத்தினாதான் மரியாதை. திரும்பத் திரும்ப ஊத்துவாங்க, பாரு."

உண்மைதான். அன்று எத்தனை கிண்ணம் குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் அவள் காலேஜுக்குப் போய்விட்டாள். எனக்கும் வீட்டுக்காரருக்கும் பொதுவான ஒரு வார்த்தைகூட இல்லை. சும்மா உட்கார முடியாமல் முற்றத்துக்குப் போனேன். மாவு உருட்டிக்கொண்டிருந்தவர், ஓர் உருண்டையை என் கையில் வைத்து, தட்டு என்று சைகை காட்டினார். நடுவை அமுக்கி, ஓரத்தைத் தடிமனாக விட்டு, ஆணி வைத்த கட்டையால் நடுவில் குத்த வேண்டும். அதுவரை சமாளித்துவிட்டேன். ஆனால் சுடும்போது அடுப்புக்குள் குனிந்து, தகிக்கிற சுவரில் ரொட்டியை அறைய வேண்டும். அனலுக்குப் பயந்து கையை இழுத்துக்கொண்டேன். ரொட்டி நேராகத் தணலில் விழுந்தது.

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ அதை இடுக்கியால் எடுத்து, சாம்பலைத் தட்டி, பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு மீதியை என்னிடம் நீட்டினார். இரண்டு பேரும் நறநறவென்று மென்றபடி சிரித்தோம்.

பிறகு ஒரு குவளையிலிருந்து தண்ணீர் எடுத்து அடுப்புச் சுவரில் தெளித்தார். தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புத் தண்ணீர்! வெந்த ரொட்டி சுவரை விட்டு லேசாகப் பிரிந்து வரத்தான் அது. எனக்கு வந்த குஷியில் போனை எடுத்து எங்கள் உப்பளத்தின் படத்தைக் காட்டினேன். வெள்ளைக் குவியல்களைப் பார்த்ததும் அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நடுங்கிக் காட்டினார். பனி என்று நினைத்துவிட்டார்! நான் வியர்வையைத் துடைப்பதுபோல நடித்து, அந்தக் குவளையைச் சுட்டிக்காட்டினேன். புரிந்ததும் "ஓ!" என்று கத்தி, உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்.

அதன்பிறகு காலையில் எழுந்ததும் முற்றம்தான். டீ போடவும் பழகினேன். பீங்கான் கெட்டிலை வெந்நீரில் அலசி, தேயிலை போட்டு, கொதிநீர் விட வேண்டும். முதலில் கிண்ணத்தில் ஊற்றுவதைக் குடிக்கக் கூடாது. கெட்டிலுக்கே திருப்பி ஊற்ற வேண்டும், அதுவும் மூன்று முறை. நம் டீக்கடை மாஸ்டர் ஆற்றுவதை, கையை உயர்த்தாமல் ஒரு சாண் இடைவெளியில் செய்வதுபோல இருக்கும்.

வீடியோ காலில் இதையெல்லாம் பார்த்த மனைவிக்கு நம்பிக்கையே வரவில்லை. "வீட்ல ஒரு டம்ளர் கழுவி வெச்சதில்ல. அங்க போயி மாவு பெசையிறீங்களா?"

ஊர் திரும்பியதும் பெரிய மண்தாழி ஒன்று வாங்கி வீட்டின் பின்பக்கம் அடுப்பு கட்டினேன். முதல் தாழி சூட்டில் பிளந்தது. அடுத்தது நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். நான் மூன்று முறை ஊற்றி இறக்கிய டீயில் மனைவி பாலும் சர்க்கரையும் கலந்துவிட்டாள். ரொட்டியைப் பிய்த்து வஞ்சிரமீன் குழம்பில் தோய்த்து மனைவி மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தாங்க இருக்குது," என்றாள். "இன்னும் நாலு போடுங்க. பக்கத்து வீட்டுக்கும் குடுக்கலாம்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.