ஊமைப் பிரெஞ்சு

நனைந்த கம்பளிச் சட்டையின் வாடை மூக்கில் ஏற, லண்டனில் மனோர் பார்க்கிலிருந்து ஃபாரஸ்ட் கேட் பக்கமாகத் தோள்பையோடு நடந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதம் தங்கியிருந்த என் பெரியப்பா மகன் ரவி அண்ணையின் வீட்டை விட்டுப் புறப்பட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர்களிடம் அவர் என்னைக் காட்டி, "இவர்தான் எங்கட ஊமைப் பிரெஞ்சு" என்று சொல்லிச் சிரித்திருந்தார்.

அது பதினொரு வயதில் எனக்கு வந்த பெயர். சுவிசில் அகதிகளை எந்த மாநிலத்துக்கு அனுப்புகிறார்களோ, அந்த மாநிலத்து மொழிதான் அவர்களுடைய பிள்ளைகளுக்கு வாய்க்கும். எங்களுக்குப் பிரெஞ்சு பேசும் லோசான் விழுந்தது, பெரியப்பா குடும்பத்துக்கு ஜெர்மன் பேசும் பேர்ன். நான் பிரெஞ்சில் சண்டை பிடித்து, பிரெஞ்சில் கனவு கண்டு வளர்ந்தேன். பேர்னில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை கிடைத்ததும் அப்பா சொன்னார்: "ஒரே நாடுதானே, ஒரு மணித்தியால ரயில். பொடியன் சமாளிப்பான்." பிரெஞ்சை முதலில் சொல்லி ஜெர்மனைப் பிறகு சொல்லிவந்த ரயில் அறிவிப்பு, பாதி வழியில் ஜெர்மனை முன்னுக்குக் கொண்டுவந்தது. அப்பா அதைக் கவனிக்கவில்லை.

புதுப் பள்ளிக்கூடத்தில் என்னை இரண்டு வகுப்பு கீழே இறக்கிச் சின்னப் பிள்ளைகளோடு இருத்தினார்கள். ரவி அண்ணையிடம் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும்; நான் விளங்காமல் விழித்தால் "ஊமைப் பிரெஞ்சு" என்பார். குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காதபடி எனக்கு நானே பிரெஞ்சில் கதைப்பேன். பதினைந்து வயதில் படிப்பை விட்டேன். பிறகு பல ஊர்கள், பல சமையலறைகள்; கடைசியில், ரவி அண்ணை குடியேறியிருந்த லண்டன். எங்கோ ஓரிடத்தில் அந்தக் குளியலறைப் பேச்சும் நின்றுபோனது.

ஃபாரஸ்ட் கேட்டில் தமிழ்க்கடைக்காரர் ஒருவர், விடுதிகளின் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் ஆள் தேவை என்றார். மறுநாள் விடியப் போனேன். ஷிப்டைப் பார்க்கும் கொங்கோ நாட்டு அம்மா ஆங்கிலத்தில் ஏதோ விளக்க, தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி, "இவன் என்ன, ஊமையா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"நோன், மதாம்" என்றேன்.

குரல் எனக்கே பழக்கமற்றிருந்தது. எங்கே படித்தாய் என்று கேட்டார். லோசான் என்று சொல்லிவிட்டு மேலே பேசப் பார்த்தேன். பாதிச் சொற்கள் இல்லை. கையிலிருந்த படுக்கை விரிப்புக்குக்கூடப் பெயர் வரவில்லை. அவர் அந்தச் சொல்லைச் சொல்லி, விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

மடிக்கத் தொடங்கினோம்.