எல்லா போர்ட்டும் திறந்திருந்தது

எங்கள் டீம் லீட் மவுஸைச் சுவரில் எறிவார், மானிட்டரை அறைவார். பெங்களூர் தொம்மலூர் அலுவலகத்தில் நாங்கள் அதற்குப் பழகியிருந்தோம்.

நாங்கள் தயாரித்தது நெட்வொர்க் ஸ்விட்ச். பல கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி. அதற்குள் இருந்த பழைய சிப் கிடைக்காமல் போகவே வேறொரு சிப்பைப் போட்டார்கள். பழைய சிப்பை இயக்கிய லினக்ஸ் மென்பொருளை, அதாவது டிரைவரை, புதிய சிப்புக்கு ஏற்ப மாற்றுவது என் வேலை. "டிரைவர்ல சிப் நம்பரை மாத்தினா ஓடிடும்" என்று லீட் மேலிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அது ஓடவில்லை.

அன்று ஸ்விட்சைப் பார்க்க வந்த வாடிக்கையாளர்கள் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே லேபில், பக்கத்து மர்பி டவுனில் பிறந்து வளர்ந்த ஹார்டுவேர்க்காரர் இரண்டு கேபிள்களை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து எங்கள் ஸ்விட்சின் போர்டுக்கு இழுத்துச் செருகினார். மின்சாரம் கொடுத்ததும் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்தாற்போல ஒன்றாக மின்னின. கட்டடம் முழுக்க நெட்வொர்க் செத்தது.

லீட் கதவை உதைத்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்துக் கத்தினார்.

"யாருடி கேபிள சொருகுனது?"

"நான்தான் சார். அவங்கள ஏன் பைய்றீங்க, திட்டுறதுனா என்னைத் திட்டுங்க. லூப் ஆயிருக்கு, பாருங்க."

லீட் போர்டைக் கேபிளோடு பிடுங்கி ஹார்டுவேர்க்காரர் முகத்தில் எறிந்தார். அதன் அலுமினிய விளிம்பு புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணை மூட, தடுமாறியவரின் சட்டையைப் பிடித்துத் தலையை இரும்பு ரேக்கில் மோதினார். மறுபடியும் மோதினார். நான் லீடின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் முழங்கை என் வாயில் இறங்கியது. உதடு பிளந்தது.

மேஜையில் கனமான பவர் அடாப்டர் கிடந்தது. வயரைப் பிடித்துச் சுழற்றி லீடின் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவர் அலறிக்கொண்டு உட்கார்ந்தார். நான் மறுபடி ஓங்கினேன்.

"வேணாம் மேடம், சாகு, போதும்! விட்டுடுங்க!" ரத்தம் வழிய ஹார்டுவேர்க்காரர்தான் என் கையைப் பிடித்தார்.

அவர் புருவத்தில் தையல் போட்டார்கள். மறுநாள் வீங்கிய உதட்டோடு சிப்பின் விவரக் குறிப்பை வரிவரியாகப் படித்தேன். பழைய சிப், டிரைவர் சொல்லும்வரை கேபிள் செருகும் எல்லா போர்ட்டையும் மூடி வைத்திருக்கும். புதியது மின்சாரம் வந்தவுடன் எல்லாவற்றையும் திறந்துவிடும். எங்கள் டிரைவர் விழிப்பதற்குள் ஒரு கேபிளில் நுழைந்த தகவல் மற்றதன் வழியே வெளியேறி, திரும்ப நுழைந்து, பெருகிக்கொண்டே போயிருக்கிறது. சிப் எழுந்ததும் முதல் வேலையாக போர்ட்டுகளை மூடும்படி சில வரிகள் எழுதினேன். இந்த முறை நெட்வொர்க் சாகவில்லை.

மனிதவள அதிகாரி அழைத்தார். "ரெண்டு பக்கமும் அடி விழுந்திருக்கு. சமாதானமா போயிடலாமே?"

"ஹார்டுவேர்க்காரர் மண்டையைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

நானும் ஹார்டுவேர்க்காரரும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். லீடும் என்மேல் கொடுத்தார். லேப் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்ததால் கம்பெனி அவரை நீக்கியது. வழக்கு இன்னும் நடக்கிறது. கட்டுப் போட்ட கையோடு அவரை நீதிமன்றத்தில் பார்த்தபோது எனக்குப் பரிதாபம் வரவில்லை. என் கைதான் மறுபடி ஓங்குவதற்கு இறுகியது.